கோழி இன்குபேட்டரில் நல்லபாம்பு முட்டையை வைக்கலாமா?

முதல் வேலையாக அந்தக் கோழி இன்குபேட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் தம்பி. மற்றதை அதற்கப்புறம் நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வீட்டுக் குளியலறையில் நேற்று மாலை நல்லபாம்பு பிடித்திருக்கிறீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொன்னதில், காலையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வைத்து மூடியிருக்கிறீர்கள். விடிந்து பார்த்தால் உள்ளே பதினான்கு முட்டை. அண்ணன் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்க வாங்கிய இன்குபேட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதில் வைக்கலாமா, முட்டையைத் திருப்பக்கூடாது என்கிறார்களே அது நிஜமா, எத்தனை நாளில் பொரிக்கும் என்பது கேள்வி.

சித்திரை, வைகாசியில் பாம்பு பிடிக்கப் போகிற யாருக்கும் இது என்றாவது ஒருநாள் நடக்கும். நல்லபாம்பு ஏப்ரலிலிருந்து ஜூலை வரை முட்டையிடும். பத்திலிருந்து முப்பது வரை போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் முட்டை முற்றிய நேரத்தில் பிடித்து அடைத்தால், இடம் சரியோ தப்போ, உள்ளேயே போட்டுவிடும். உங்கள் மேல் தப்பில்லை.

பிளக்கைப் பிடுங்கிய கையோடு ரேஞ்சர் அலுவலகத்துக்கு மறுபடி போன் போடுங்கள். "பாம்பு பிடித்திருக்கிறேன்" என்று சொன்னது போதாது, "முட்டை போட்டிருக்கிறது, இத்தனை முட்டை" என்றும் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கான விளக்கத்துக்குள்ளேயே ஊர்வன முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வருகிறது. நல்ல மனசோடுதான் செய்தேன் என்பது அங்கே எடுபடாது. எங்கே கொடுக்கச் சொல்கிறார்களோ அங்கே கொடுங்கள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கீழே சொல்வதெல்லாம், முட்டை அந்தக் கைக்குப் போய்ச் சேரும்வரை உயிரோடு இருப்பதற்காகவும், அனுமதியோடு நீங்களே வைத்துப் பொரிக்க வேண்டி வந்தால் அதற்காகவும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செங்கல் அடுக்குக்குள்ளோ வரப்பு வளையிலோ முட்டையைப் பார்த்தேன், எடுத்து வந்து பொரிக்கட்டுமா என்று மாசத்துக்கு ஒருத்தராவது கேட்கிறார்கள். கூடாது. அது இருக்கும் இடம் தாய் தேடிப் பிடித்த இடம். கர்நாடகத்தின் ஆகும்பேயில் ராஜநாகக் கூடுகளைக் கவனித்து வருகிறவர்கள்கூட முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. கூடு இருக்கிற இடத்திலேயே அதைக் காவந்து பண்ணி, பக்கத்துக் குடித்தனக்காரர்களிடம் பேசி, பொரிக்கும்வரை பார்த்துக்கொள்கிறார்கள். முட்டையை இடம் மாற்றுவது வேறு வழியே இல்லாதபோது செய்கிற வேலை. உங்கள் டிரம்முக்குள் வேறு வழி இல்லை. அதனால் செய்கிறோம்.

தாயை முதலில் வெளியே எடுக்க வேண்டும். முட்டை போட்ட நல்லபாம்பு முட்டையை விட்டு நகராது, காவல் இருக்கும். நேற்றுச் சாதுவாக இருந்த பாம்பு இன்று அப்படி இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒருத்தர் கொக்கி, ஒருத்தர் மூடி. பாம்பு வேறு டிரம்முக்குப் போய், அந்த டிரம் மூடிப் பூட்டினதற்குப் பிறகுதான் முட்டைப் பக்கம் கை போக வேண்டும். தாயிடமிருந்து பிரிப்பது பாவமில்லையா என்று உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மலைப்பாம்பு என்றால் அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. அது முட்டையைச் சுற்றிக்கொண்டு உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு கொடுக்கும். நல்லபாம்பு காவல்தான் இருக்கும், சூடு கொடுப்பதில்லை. அந்தக் காவலை டிரம் மூடியே செய்துவிடும். தாய்க்கு இப்போது தேவை ஒரு தட்டில் தண்ணீரும், சீக்கிரம் விடுதலையும். முட்டை போட்டு முடித்த பாம்பு முதுகெலும்பு தெரிய இளைத்துப்போய் இருக்கும். பயப்பட வேண்டாம். ஆனால் வயிற்றின் பின்பாதியில் இன்னும் கட்டியாகத் தெரிந்தால் முட்டை தங்கியிருக்கலாம், அது கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியது. தடவிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

இப்போது முட்டை. போட்டுச் சில மணிநேரம்தான் ஆகியிருக்கும் என்றால் அவை இன்னும் ஈரமாக, மினுமினுப்பாக இருக்கும். கோழி முட்டை மாதிரிக் கெட்டி ஓடு கிடையாது. தொட்டால் ஊறவைத்த தோல் மாதிரி அமுங்கிக் கொடுக்கும். ஒன்றோடொன்று பட்ட இடத்தில் பசை மாதிரி ஒட்டத் தொடங்கியிருக்கும். ஈரம் காயாமல், லேசாகத் தொட்டதும் தானாக விலகுகிறதென்றால் பிரித்துத் தனித்தனியாக வைக்கலாம். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதற்குப் பரவாமல் இருக்க அது நல்லது. கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது என்று தோன்றினாலே நிறுத்திவிடுங்கள். தோல் கிழிந்தால் அந்த முட்டை போச்சு. கொத்தாகவே தூக்கி, கொத்தாகவே வையுங்கள். புற்றுக்குள்ளும் கொத்தாகத்தான் கிடக்கும்.

சிலர் பாம்பைத் துணிப்பையில் வைத்திருப்பார்கள், முட்டை துணியோடு ஒட்டிப் போயிருக்கும். ஆரம்ப காலத்தில் நான் தண்ணீர் தெளித்துத் தெளித்து உரித்து இரண்டு முட்டையைப் பாழாக்கியிருக்கிறேன். கூட வந்த இருளர் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்து பையை வாங்கினார், கத்தரிக்கோல் கேட்டார், முட்டையைச் சுற்றித் துணியை வட்டமாக வெட்டி, துணித்துண்டோடு அப்படியே எடுத்து வைத்துவிட்டார். அந்தத் துண்டு கடைசிவரை முட்டையிலேயே இருந்தது, குட்டியும் வந்தது.

எடுப்பதற்கு முன் ஒரு வேலை. மெத்தென்று எழுதும் 2பி பென்சிலால், முட்டை கிடக்கிற கிடையிலேயே, மேல் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு போடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம். அந்தத் தோல் மூச்சு விடுகிற தோல், மையை உள்ளே இழுக்கும். அப்புறம் இரண்டு கையையும் அடியில் கொடுத்து, கோடு மேலே இருக்கும்படியே தூக்கி, கோடு மேலே இருக்கும்படியே வைக்க வேண்டும்.

ஏன் இந்தக் கோடு? கோழி முட்டையை உடைத்து ஊற்றினால் மஞ்சள் கருவின் இரண்டு பக்கமும் வெள்ளையாக முறுக்கிய நூல் மாதிரி ஒன்று தெரியும், பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கருவை நடுவில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்வது அதுதான். அதனால் கோழி அலகால் முட்டையை எத்தனை தடவை புரட்டினாலும் கரு தன் இடத்தில் இருக்கும். புரட்டாவிட்டால்தான் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பாம்பு முட்டையில் அந்தக் கயிறு இல்லை, வெள்ளைக் கருவும் கொஞ்சம்தான். கரு மேல்பக்கமாக வந்து அமர்ந்து, மூச்சுக்காகத் தன் சவ்வை ஓட்டின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் தலைகீழாகப் புரட்டினால் மஞ்சள் கருவின் பாரம் முழுக்க அந்தப் பொடி உயிரின் மேல் ஏறும், சவ்வு பிய்யும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "இருபத்துநாலு மணிநேரத்துக்கு மேல் தொட்டாலே செத்துவிடும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அந்தக் கண்டிப்பு முதலையிலிருந்தும் ஆமையிலிருந்தும் வந்தது. ஆமை முட்டை வெளியே வரும்போது கரு வளர்ச்சியின் மிக ஆரம்பத்தில் நின்றிருக்கும், போட்ட பிறகுதான் ஓட ஆரம்பித்து, ஓட்டில் போய் ஒட்டும். சென்னைக் கடற்கரையில் 1988லிருந்து ராத்திரி நடை போகிற ஆமைப் பாதுகாப்பு மாணவர்கள் பங்குனி ஆமை முட்டையைக் கண்டதும் அந்த ராத்திரியே எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துவிடுவது அதனால்தான். பாம்பு முட்டை வேறு கதை. அது தாயின் வயிற்றிலேயே வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கடந்துவிட்டு வருகிறது. கொஞ்சம் சாய்ந்தது, ஒரு தடவை உருண்டது என்பதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். உங்கள் பாம்பே ராத்திரி முழுக்க அதன் மேல் புரண்டிருக்கும். முதல் நாளே நகர்த்துவது நல்லது. பத்தாம் நாள்தான் கண்ணில் பட்டதென்றாலும் கிடை மாறாமல் நகர்த்தலாம். கோடு போட அரை நிமிஷம் ஆகும், அதைப் போடாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை.

இனி அண்ணனுடைய இன்குபேட்டர். அதில் என்ன செட் பண்ணியிருக்கும்? சூடு முப்பத்தேழரை டிகிரி. மணிக்கொரு தரம் தட்டு சாய்ந்து முட்டையைப் புரட்டும். உள்ளே ஃபேன் ஓடும். ஈரப்பதம் ஐம்பது, அறுபது சதவீதம். இருபத்தோரு நாளில் குஞ்சு. கோழி முட்டை அந்த மூன்று வாரத்தில் எடை குறைந்தாக வேண்டும், உள்ளே காற்றறை பெரிதானால்தான் குஞ்சு மூச்சு விடும். பாம்பு முட்டை இதற்கு நேர் எதிர். அடியில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி எடை கூடும். போட்டபோது இருந்ததைவிடப் பொரிக்கப்போகும் மாதத்தில் கண்ணுக்குத் தெரியப் பெருத்திருக்கும். அதைக் கொண்டுபோய் அந்த மெஷினில் வைத்தால், ஃபேன் காற்றில் ஒரே நாளில் திராட்சை வற்றுகிற மாதிரி சுருங்கும். அதற்கு முன்பே முப்பத்தேழு டிகிரிச் சூடு கருவைக் கொன்றிருக்கும். தட்டைக் கழற்றி, ஃபேனை நிறுத்தி, செட்டிங்கை இறக்கி அதையே ஒப்பேற்றலாமே என்றால், செய்யலாம்தான். ஆனால் பல மாடல்களில் முப்பதுக்குக் கீழே இறக்கவே முடியாது. ஒரு தெர்மோகோல் பெட்டி அதைவிட மேல்.

நல்லபாம்பு முட்டைக்கு நான் வைப்பது இருபத்தெட்டிலிருந்து முப்பது டிகிரி. முப்பத்திரண்டைத் தொட்டால் எனக்குத் தூக்கம் வராது. சாரைக்கும் இதேதான். கொஞ்சம் குறைந்தால் ஆபத்தில்லை, நாள்தான் தள்ளும். இரண்டு டிகிரி கூடினால் கதையே வேறு, முதுகு வளைந்தும் நெளிந்தும் குட்டி வரும், இல்லை வரவே வராது. ஆமைக்கும் முதலைக்கும் மணலின் சூட்டைப் பொறுத்து ஆணா பெண்ணா என்பது மாறும், பாம்புக்கு அந்தக் கணக்கு இல்லை. அதற்கு ஆணா பெண்ணா என்பது குரோமோசோமிலேயே முடிவாகிவிட்டது. அதனால் சூட்டைக் கூட்டிக் குறைத்து விளையாட ஒரு காரணமும் கிடையாது.

இங்கேதான் வெளிநாட்டு வீடியோ பார்க்கிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். அவர்கள் வீடு இருபது டிகிரி. அதனால் ஹீட்டர், ஹீட்டிங் கேபிள், ஹீட் பேட் என்று பேசுகிறார்கள். நமக்குக் கத்திரி வெயிலில் செங்கல்பட்டில் பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்குள்ளேயே முப்பத்தைந்து. ஹீட்டர் எதற்கு? ஹீட்டரால் சூட்டை ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாது. நம் ஊர் மே மாத இன்குபேட்டர் என்பது குளிர்ச்சியான ஒரு மூலைதான். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையை ஏமாற்றுக்காரனுக்கு உவமையாகச் சொல்வோம். பாம்பின் பக்கம் நின்று பார்த்தால் அது நல்ல வீட்டுக்காரன் தேர்வு. வெளியே மண் கொதித்தாலும் புற்றின் அடியிலும் எலி வளையிலும் சூடு அதிகம் ஏறி இறங்காது, ஈரமும் வற்றாது. அந்த இருட்டைத்தான் நீங்கள் பெட்டிக்குள் கொண்டுவர வேண்டும்.

கையில் ஏ.சி. அறை இருந்தால் வேலை சுலபம். அறையை இருபத்தாறில் வைத்து, பெட்டிக்குள் சின்ன ஹீட்டரையும், சூட்டைப் பார்த்து அதைத் தானாக ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டையும் போட்டு இருபத்தொன்பதுக்கு ஏற்றலாம். அப்போதுதான் தெர்மோஸ்டாட்டுக்கே வேலை இருக்கும். ஏ.சி. இல்லையென்றால், மொட்டை மாடிக்குக் கீழே இல்லாத உள் அறையில், தரையோடு, ஜன்னல் வெயில் படாத சுவரோரம். தெர்மோகோல் பெட்டியின் அடியில் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டில் நாலு படுக்கவைத்தால், பகல் சூடும் ராத்திரிக் குளிரும் பெட்டியைச் சட்டென்று தொடாது. கிராமத்து வீடு என்றால் மரத்தடி நிழலில் பெரிய மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, சுற்றிலும் மண்ணை நனைத்து, அதற்குள் முட்டைப் பெட்டியை இறக்கி, மேலே ஈரச்சாக்கு. மின்வெட்டு வந்தாலும் அதற்குக் கவலை இல்லை. எதுவாக இருந்தாலும், ஒரு நாள் முழுக்க முட்டை இல்லாமல் வெறும் பெட்டியை வைத்து, அதிகபட்சம் எவ்வளவு போனது குறைந்தபட்சம் எவ்வளவு என்று காட்டும் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். உங்களுக்கு அந்த ஒரு நாள் இப்போது இல்லை. அதனால் முட்டையைச் சின்னப் பெட்டியில் ஈரத்தோடு மூடி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் தரையில் வையுங்கள். இருபத்தைந்து, இருபத்தாறில் ஒரு நாள் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வைத்தவர்கள் உண்டு.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் சாரை முட்டை பதினொன்று என் பொறுப்பில் இருந்தது. ஏ.சி. அறை, நல்ல பெட்டி, தெர்மோஸ்டாட், எல்லாம் சரி. ஒரு ராத்திரி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். மூடும்போது சென்சார் ஒயர் வெளியே வந்து தொங்கிவிட்டது, கவனிக்கவில்லை. வெளியே அறை இருபத்தாறு. சென்சார் அதைப் பார்த்து, "இன்னும் சூடு வரவில்லை" என்று ராத்திரி முழுக்க ஹீட்டரை ஓட்டியிருக்கிறது. காலையில் பெட்டிக்குள் நாற்பத்தொன்று. முட்டைகள் பார்க்க முந்தின நாள் மாதிரியே வெள்ளையாக, உப்பலாக இருந்தன. தப்பித்தோம் என்றே நினைத்தேன். ஒரு வாரம் கழித்து ஒவ்வொன்றாக உள்வாங்கி, மஞ்சளித்து, வாடை வந்தது. பதினொன்றும் போயிற்று. அன்றிலிருந்து சென்சாரை முட்டை மட்டத்திலேயே நைலான் நரம்பால் கட்டி முடிச்சுப் போடுகிறேன். தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை நம்பாமல் தனியாக இன்னொரு தெர்மாமீட்டரும் உள்ளே இருக்கும். இரண்டும் ஒரு டிகிரிக்கு மேல் முரண்பட்டால் ஹீட்டரை நிறுத்திவிட்டுத்தான் அடுத்த வேலை.

முட்டை வைக்கும் சின்னப் பெட்டிக்கு வெர்மிகுலைட் போதும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லேசான தாதுத் துகள் அது. மாடித்தோட்டச் சாமான் விற்கும் நர்சரிகளில் கிடைக்கிறது. உரம் கலந்த கலவையைத் தலையில் கட்டிவிடுவார்கள், வெறும் வெர்மிகுலைட் என்று கேட்டு வாங்குங்கள். எடைக்கு எடை தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. அரைக் கிலோவுக்கு அரை லிட்டர். நான் கொஞ்சம் குறைத்து நானூறு மில்லியில் நிறுத்துவேன். குறைந்தால் பிறகு ஊற்றலாம், கூடினால் எடுக்க முடியாது. கையில் அள்ளி இறுக்கிப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக்கூடாது. தேங்காய் நார்க்கழிவு தான் கிடைத்தது என்றால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள், அலசாததில் உப்பு இருக்கும். விரற்கடை ஆழத்துக்குப் பள்ளம் பறித்து முட்டையைப் பாதி புதைகிற மாதிரி உட்கார வையுங்கள். கோடு மேலே. மூடியில் நாலைந்து ஊசித்துளை போதும். மூடியில் வியர்த்துச் சொட்டுகிற தண்ணீர் முட்டையில் விழக்கூடாது, பெட்டியை ஒரு பக்கம் லேசாக உயர்த்தி வைத்தால் ஓரமாக வழிந்துவிடும்.

ஈரம் குறைந்ததா என்று தினம் விரல் விட்டுக் குடைய வேண்டாம். முட்டையோடு சேர்த்துப் பெட்டியைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் மூடியில் எழுதிவிடுங்கள். வாரம் ஒரு தடவை நிறுங்கள். எத்தனை கிராம் குறைந்திருக்கிறதோ அத்தனை மில்லி தண்ணீரை, அறைச் சூட்டில் இருக்கிற தண்ணீரை, பெட்டியின் ஓரமாக விடுங்கள். முட்டை மேல் ஒரு சொட்டும் படக்கூடாது. தண்ணீரில் ஊறிய முட்டை மூச்சுத் திணறிச் சாகும். பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் முட்டை போட்டுவிட்டால் உடனே எடுத்தாக வேண்டும் என்பதும் இதனால்தான்.

கரு பிடித்த முட்டையா என்று பார்க்கணும் என்றால், நாலைந்து நாள் கழித்து ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்து, செல்போன் டார்ச்சை முட்டையின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். தூக்க வேண்டாம். உள்ளே இளஞ்சிவப்பாக நரம்பு கிளை விட்டிருந்தால் உயிர் இருக்கிறது. பார்த்ததும் அணைத்துவிடுங்கள், வீடியோ எடுக்கிற சாக்கில் பத்து நிமிஷம் வாட்ட வேண்டாம். வெறும் மஞ்சளாக, நரம்பே இல்லாமல், மெழுகு மாதிரி இறுகி, சிறுத்து இருப்பது பெரும்பாலும் கூமுட்டை. அப்படியும் நாற்றம் வரும்வரை நான் எறிய மாட்டேன். மேலே கொஞ்சம் பூஞ்சை பிடித்தால் ஈரப் பஞ்சால் தேய்த்துக் கழுவுகிற வேலை வேண்டாம். காய்ந்த பஞ்சால் ஒற்றி எடுத்து விட்டுவிடுங்கள். உயிருள்ள முட்டை பூஞ்சையைப் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

முதல் மாதத்தில் முட்டை குழி விழுந்தால் ஈரம் போதவில்லை. ஓரமாகத் தண்ணீர் விட்டு, சொட்டாமல் பிழிந்த ஈரத்துணியால் மூடி வைத்தால் இரண்டு நாளில் நிமிரும். கடைசி ஒரு வாரம், பத்து நாளில் குழி விழுந்தால் சந்தோஷப்படுங்கள், குட்டி வரப்போகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கடைசி வாரத்தில் தண்ணீரைக் கொட்டி முட்டையை மூழ்கடித்தவர்களை எனக்குத் தெரியும்.

எறும்பை மறக்காதீர்கள். எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் இது முதல் பக்கத்தில் இருக்காது. நம் வீட்டில் இதுதான் முதல் எதிரி. ஒரு முட்டை லேசாகக் கசிந்தால் போதும், விடிவதற்குள் வரிசை கட்டிவிடும். பெட்டியைக் குட்டையான ஒரு ஸ்டூல் மேல் வைத்து, நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள், பலகாரத் தட்டுக்குப் பாட்டி செய்த மாதிரி. எறும்புச் சாக்பீஸ், ஸ்ப்ரே எதையும் அந்த அறைக்குள்ளேயே கொண்டுவரக்கூடாது. மூடித்துளை ஊசித்துளையாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு இன்னொரு காரணம், அழுகும் முட்டையைத் தேடிவரும் பொடி ஈ. உள்ளே போய் முட்டையிட்டால் புழு நல்ல முட்டைக்கும் தாவும்.

எடுத்துப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. ரேஞ்சர் அலுவலகத்துக்கோ அவர்கள் சொல்லும் இடத்துக்கோ போகும்போது பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு போகாதீர்கள். முடிந்தால் காரோ ஆட்டோவோ பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மடி குலுக்கலை வாங்கிக்கொள்ளும். வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். மூடிய காரில் பெட்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது அவித்த முட்டைதான்.

நாள் கணக்கு கேட்டீர்கள். நல்லபாம்பு முட்டை நாற்பத்தெட்டு நாளிலிருந்து அறுபத்தொன்பது நாள்வரை எடுக்கும், சூட்டைப் பொறுத்து. இருபத்தொன்பதில் நான் ஐம்பத்தைந்தாம் நாளிலிருந்து எதிர்பார்க்க ஆரம்பிப்பேன். பக்கத்து வீட்டில் யாரோ "சாரைதான் நல்லபாம்புக்கு ஆண், குட்டி பாதி சாரையாக வரும்" என்று சொன்னார்களாமே. வராது. சாரை வேறு, நாகம் வேறு. இரண்டு பாம்பு நிமிர்ந்து பின்னிக்கொண்டு நின்றதைப் பார்த்துக் கிளம்பிய கதை அது. பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம்.

ஐம்பதாம் நாள் தாண்டியதும் பெட்டியைத் திறக்கும் முறையை மாற்றிவிடுங்கள். இதுவரை முட்டைப் பெட்டி, இனி விஷப்பாம்புப் பெட்டி. மூடியைக் கிளிப் போட்டுப் பூட்டி, திறக்கும்போது நீளக் கொக்கி, கையில் டார்ச், பக்கத்தில் ஒரு ஆள். குட்டியின் மூக்கு நுனியில் பொடியாக ஒரு முட்டைப்பல் இருக்கும், அதால் தோலை உள்ளிருந்து கீறும். பிளேடால் இழுத்த மாதிரி ஒரு கோடு, ஓரத்தில் வழவழப்பாகக் கொஞ்சம் நீர். அப்புறம் ஒரு மூக்கு. அதோடு ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள் அப்படியே இருக்கும். சிக்கிக்கொண்டது என்று கீறலைப் பெரிதாக்கிவிட வேண்டாம். உள்ளே மிச்சம் இருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அது முடியாமல் வெளியே எடுத்தால் தொப்புள் கிழிந்து ரத்தம் போகும். டார்ச் வெளிச்சம் பட்டதும் உடம்பு இன்னும் முட்டைக்குள் இருக்க, தலையை மட்டும் நீட்டி விரலகலத்துக்குப் படம் எடுக்கும். பார்க்க அவ்வளவு அழகு. அந்த அழகுக்கு மயங்கிக் கையை நீட்டாதீர்கள். பிறந்த நாளிலேயே விஷம் இருக்கிறது. கடித்தால் நேராக அரசு மருத்துவமனை, விஷமுறிவு மருந்து.

ஒரு சாண் நீளம்தான் இருக்கும். எல்லாம் இரண்டு மூன்று நாளுக்குள் வெளியே வந்துவிடும். வளர்க்க நினைக்க வேண்டாம், தீனி போட்டுப் பழக்கவும் வேண்டாம். ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையை உரிக்கும். வனத்துறையினர் அதுவரை வைத்திருக்கச் சொல்வார்களா, உடனே விடச் சொல்வார்களா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். விடும் இடம் தாயைப் பிடித்த ஊரின் சுற்றுவட்டாரமாகவே இருக்க வேண்டும். வீடு இல்லாத புதர், ஓடைக்கரை, பொடித் தவளையும் பல்லியும் கிடைக்கிற இடமாகப் பார்த்து, சாயங்காலம், பத்தடிக்கு ஒன்றாகப் பிரித்து விடுங்கள்.

பெட்டியைக் கழுவும் முன் ஓடுகளை எண்ணுங்கள். கூமுட்டையைக் கழித்து எத்தனை கிழிந்த ஓடு இருக்கிறதோ அத்தனை குட்டி கணக்கில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது எங்கும் போயிருக்காது, பெரும்பாலும் அந்த வெர்மிகுலைட்டுக்குள்தான் சுருண்டு படுத்திருக்கும். கொக்கியால் கிளறுங்கள், கையால் அள்ளாதீர்கள்.